குளியலறை விளக்கும் விசிறியும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டதும் உங்களிற் சிலர் சிரிக்கக்கூடும். முப்பத்தைந்து ஆண்டுக் காலம் பௌதிகமும் கணிதமும் கற்பித்த ஒருவன், விஞ்ஞானத்தைப் பற்றிப் பேசுக என்று வானொலி நிலையத்தார் அழைத்தால், அணுவைப் பற்றியோ விண்மீன்களைப் பற்றியோ பேசுவான் என்று எதிர்பார்ப்பது இயல்புதான். நானோ குளியலறைச் சுவரில் எந்த ஸ்விச்சை எங்கே வைப்பது என்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இந்தச் சிறு விஷயத்தில் நான் செய்த பிழைக்கு என் தமக்கையாரின் இடக்கை மணிக்கட்டு விலையாகப் போயிற்று. ஆகவே சிரித்துவிட்டுப் பிறகு செவி கொடுங்கள்.

எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடிப் பக்கம். எங்கள் வீட்டில் பல தலைமுறையாகக் குளியல் என்றால் கொல்லைப்புறத்துக் கிணற்றடிதான். பெண்டிருக்கென்று தென்னங்கீற்று மறைப்பு ஒன்று இருந்தது. அங்கே மின்சாரம் கிடையாது. பொழுது சாய்ந்த பின் போகிறவர் கையில் அரிக்கேன் விளக்கோடு போவார். 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் விடியுமுன் கரை கடந்த கஜாப் புயலை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நம் மாவட்டத்தில் தென்னைகள் வேரோடு சாய்ந்தன. மின் கம்பங்கள் ஒடிந்து விழுந்தன. பல ஊர்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. எங்கள் கொல்லைத் தென்னைகளும் விழுந்தன. கிணற்றடி மறைப்பு அவற்றின் அடியில் நசுங்கிப்போயிற்று. பக்கத்து ஊரில் தனித்து வாழ்ந்த என் தமக்கையாரின் ஓட்டு வீடும் சிதைந்தது. எழுபது வயது கடந்த அவரை என்னோடு அழைத்து வந்தேன். அவருடைய அறையை ஒட்டி, வீட்டுக்குள்ளேயே ஒரு குளியலறை கட்டுவது என்று 2019-இல் முடிவு செய்தோம்.

எட்டடி நீளம், ஐந்தடி அகலம், பத்தடி உயரம். ஒரு பக்கம் அண்டை வீட்டுச் சுவர். ஆதலால் ஜன்னல் வைக்க இடமில்லை. உயரத்தில் ஒரு சிறு திறப்பு மட்டும் விட்டு, அதில் எக்ஸாஸ்ட் பேன் என்று கடைகளில் வழங்கும் காற்றுப்போக்கி விசிறியைப் பொருத்தினோம். ஒயரிங் செய்ய வந்தவர் ஓர் அவசரக்காரர். "சார், லைட்டுக்கும் பேனுக்கும் ஒரே ஸ்விச்சாகப் போட்டுவிடவா? உள்ளேயே குழாய்ப் பக்கம் வைத்தால் கைக்கு எட்டும்" என்றார். எனக்கு அப்போது ஓடுகளின் நிறத்தைப் பற்றித்தான் கவலை. "செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டேன். ஓம் விதியை எத்தனையோ வகுப்புகளுக்கு விளக்கியவன், தன் வீட்டுச் சுவரில் அதை நினைத்துப் பார்க்கவில்லை.

அடுத்த ஆண்டு கார்த்திகை மாதத்தில் அடைமழை. என் மகள் பிரசவத்துக்கு வந்து, கைக்குழந்தையோடு பக்கத்து அறையில் படுத்திருந்தாள். இரவில் குளியலறை விளக்கைப் போட்டால் விசிறியும் சேர்ந்து இரைந்தது. குழந்தை விழித்து அழுதது. இரண்டு இரவுகள் இப்படி நடந்த பின், மூன்றாம் இரவு என் தமக்கையார் விளக்கைப் போடாமலேயே இருட்டில் தடவிக்கொண்டு போனார். ஈரத்தரையில் கால் வழுக்கிற்று. விழுகையில் கையை ஊன்றியதால் மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டோடு இருந்தார். அதற்காக ஒரு சொல்லும் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "நான்தான் தம்பி பார்த்துப் போயிருக்க வேண்டும்" என்றார். அவர் பார்ப்பதற்கு அங்கே வெளிச்சம் ஏது?

என்னிடம் படித்த மாணவர் ஒருவர் இப்போது மின்பணி செய்கிறார். அவரை வரவழைத்தேன். அவர் முதலில் ஸ்விச்சைத் தொடவில்லை. ஒரு முக்காலியின் மேல் ஏறி, ஸ்விச்சு அணைந்திருக்கும்போதே, விசிறியின் முனையில் டெஸ்டரை வைத்தார். டெஸ்டர் ஒளிர்ந்தது. "ஐயா, இதை எப்படித் துடைப்பீர்கள்?" என்று கேட்டார். "ஸ்விச்சை அணைத்துவிட்டு, மாதம் ஒருமுறை ஈரத்துணியால் துடைக்கிறேன்" என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் கீழே இறங்கி, மீட்டர்ப் பலகைக்குப் போய் மெயினை அணைத்துவிட்டு வந்தார்.

அவர் கண்டது இதுதான். வீட்டுக்குள் வரும் இரண்டு கம்பிகளில் ஒன்று பேஸ், மற்றொன்று நியூட்ரல். நியூட்ரல் கம்பி டிரான்ஸ்பார்மர் இருக்கும் இடத்தில் நிலத்தோடு இணைக்கப்பட்டிருக்கிறது. பேஸ் கம்பிக்கும் நிலத்துக்கும் இடையே 230 வோல்ட்டு அழுத்தம் நிற்கிறது. ஸ்விச்சை இந்த இரண்டில் எந்தக் கம்பியில் வைத்தாலும் விளக்கு எரியும், அணையும். கண்ணுக்கு வேற்றுமை தெரியாது. ஆனால் உள்ளே இருக்கும் நிலைமை முற்றிலும் வேறு. நம் ஊர்க் கண்மாயை நினைத்துப் பாருங்கள். கண்மாயின் மடையை அடைத்தால் வாய்க்கால் முழுவதும் வற்றிக் கிடக்கும். மடையைத் திறந்துவிட்டு, கடைசி வயலுக்கு அப்பால் உள்ள வடிகாலை மட்டும் அடைத்தால் என்ன ஆகும்? தண்ணீர் ஓடாது, ஆனால் வாய்க்காலிலும் வயலிலும் நிறைந்து நிற்கும். ஸ்விச்சை நியூட்ரல் கம்பியில் வைப்பது வடிகாலை அடைப்பதைப் போன்றது. விசிறி நின்றிருக்கும், அதன் கம்பிச்சுற்று முழுவதும் 230 வோல்ட்டு நின்றுகொண்டிருக்கும். ஓராண்டுக் காலம் நான் ஈரத்துணியோடு அதன் பக்கத்தில் கை வைத்திருக்கிறேன்.

அப்போதுதான் தமக்கையார் எப்போதோ சொன்னது எனக்கு நினைவுக்கு வந்தது. "அந்த ஸ்விச்சைத் தொட்டால் விரலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது தம்பி" என்று இரண்டு முறை சொல்லியிருந்தார். முதுமையில் விரல் மரத்துப்போவது வழக்கம் என்று எண்ணி, நான் அதைப் பொருட்படுத்தவில்லை. அந்த ஸ்விச்சுத் தகட்டின் பின்புறம் ஈரம் கோத்து, பச்சையம் படர்ந்திருந்தது. உட்புறத்து முனையிலிருந்து அந்த ஈரப்படலத்தின் வழியே சிறிது மின்சாரம் கசிந்து, அவருடைய விரல் வழியே ஈரத்தரைக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

இங்கே சிறிது கணக்குப் போடுவோம். உலர்ந்த தோல் பல்லாயிரம் ஓம் தடை காட்டக்கூடும். நனைந்த உடம்பின் தடையோ சுமார் ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 230-ஐ ஆயிரத்தால் வகுத்தால் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர். பத்து மில்லி ஆம்பியரைச் சற்றுத் தாண்டினாலே தசைகள் இறுகிப் பிடித்த பொருளை விட முடியாமற்போகும். முப்பது மில்லி ஆம்பியருக்கு மேல் சில விநாடி நீடித்தால் மூச்சுக்கும் இருதயத்துக்கும் ஆபத்து. கிணற்றடியில் இருந்த குளியல் வீட்டுக்குள் வந்தபோது, நீரும் மின்சாரமும் ஐந்தடி அகலத்துக்குள் அடைபட்டன. உடையில்லாத, நனைந்த, வெறுங்காலோடு நிற்கும் மனிதன் அவற்றிடையே நிற்கிறான். வீட்டில் வேறெந்த அறையிலும் மனிதன் இவ்வளவு பாதுகாப்பற்று நிற்பதில்லை.

ஆகவே ஸ்விச்சைத் தேர்ந்தெடுப்பதில் முதற் கேள்வி அதன் விலையும் நிறமும் அல்ல. அது இருக்கும் இடம். இதற்கு உலக நாடுகள் கூடி வகுத்த விதி உண்டு. குளியல் தொட்டியையோ மேலிருந்து நீர் சொரியும் ஷவரையோ சுற்றிச் சில வட்டாரங்களை வகுத்திருக்கிறார்கள். நீர் விழும் இடத்துக்கு நேர் மேலே 2.25 மீட்டர் உயரம் வரை ஒரு வட்டாரம். அதற்கு வெளியே மேலும் 60 சென்டிமீட்டர் வரை மற்றொரு வட்டாரம். இவற்றுக்குள் சாதாரண ஸ்விச்சு வைக்கலாகாது. மேல்நாட்டாருக்கு இது பொருந்தும். அவர்கள் தொட்டிக்குள் அடங்கிக் குளிக்கிறார்கள். நாம் வாளியில் நீர் நிரப்பிக் குவளையால் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்பவர்கள். நம் குளியலறையில் நீர் படாத சுவரே கிடையாது. எட்டடிக்கு ஐந்தடி அறையில் வட்டாரம் பிரிப்பது வீண் வேலை. ஸ்விச்சு கதவுக்கு வெளியே, தாழ்ப்பாள் இருக்கும் பக்கத்தில், தரையிலிருந்து நான்கடி உயரத்தில் இருக்கட்டும் என்பதே என் முடிவு.

இங்கிலாந்தில் வேறொரு வழக்கம் உண்டு. அங்கே குளியலறைக் கூரையில் ஸ்விச்சை வைத்து, அதிலிருந்து ஒரு கயிற்றைத் தொங்கவிடுவார்கள். ஈரக்கையால் கயிற்றை இழுத்தாலும் மின்சாரம் நிற்கும் பகுதியைக் கை தொடாது. மிக நல்ல உபாயம். நம் ஊர்க் கடைகளில் அதைத் தேடினேன், கிடைக்கவில்லை.

வெளியே வைத்ததும் புதிய தொல்லை ஒன்று முளைத்தது. மூத்த பேரனுக்கு ஐந்து வயது. பாட்டி உள்ளே போய்த் தாழிட்டதும் வெளியிலிருந்து விளக்கை அணைத்துவிட்டு ஓடுவது அவனுக்கு ஒரு விளையாட்டாயிற்று. அவன் மட்டுமல்ல, உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் நானே ஒருமுறை அணைத்துவிட்டேன். உள்ளிருந்து, "யாரப்பா அது?" என்று குரல் வந்தது. எலும்பு கூடிய கை இன்னும் வலுப்பெறாத காலம் அது. நீரினின்று காப்பதற்காக வெளியே வைத்த ஸ்விச்சு, மீண்டும் அவரை இருட்டில் நிறுத்திவிட்டது. இதற்கு என்ன வழி?

என் மாணவர் இரண்டு காரியம் செய்தார். விளக்கின் ஸ்விச்சுக்குப் பக்கத்தில், விளக்கு எரியும்போது மட்டும் தானும் எரிகிற ஒரு சிறு செந்நிற விளக்கைப் பொருத்தினார். உள்ளே ஆள் உண்டு என்பதற்கு அதுவே அடையாளம். இங்கே ஓர் எச்சரிக்கை. கடைகளில் உள்விளக்கு வைத்த ஸ்விச்சு என்று இரண்டு வகைகளைத் தருவார்கள். ஒன்று, அணைந்திருக்கும்போது ஒளிர்வது. இருட்டில் ஸ்விச்சைக் கண்டுபிடிக்க உதவும். மற்றொன்று, எரியும்போது ஒளிர்வது. உள்ளே என்ன நடக்கிறது என்பதை வெளியே காட்டும். நமக்கு வேண்டியது இரண்டாவது. முதல் வகையில் வேறொரு சங்கடமும் உண்டு. அதன் சிறு விளக்கு, பெரிய விளக்கின் வழியாகவே தன் மின்சாரத்தைப் பெறுகிறது. பழைய இழை பல்புக்கு அந்தச் சொற்ப மின்சாரம் ஒரு பொருட்டல்ல. இன்றைய எல்.இ.டி. பல்பிலோ அது உள்ளே சிறிது சிறிதாகச் சேர்ந்து, அணைத்த பிறகும் மினுக்கிக்கொண்டே இருக்கச் செய்யும். ஸ்விச்சை அணைத்த பின்னும் பல்பு கண் சிமிட்டுகிறதே, பேயோ பிசாசோ என்று சிலர் கேட்கிறார்கள். பெரும்பாலும் இதுதான் காரணம்.

இரண்டாவது காரியம், கதவுக்கு மேலே, நீர் படாத உயரத்தில், அரை வாட்டு இரவு விளக்கு ஒன்றைத் தனியாகப் போட்டது. அதற்கான ஸ்விச்சு தமக்கையாரின் கட்டில் அருகில் இருக்கிறது. வெளியிலிருந்து பேரன் எதை அணைத்தாலும் இதை அணைக்க முடியாது.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் மகன் தொலைபேசியில் கேட்டான்: "அப்பா, ஆள் வந்தால் தானாக எரிந்து, போனால் தானாக அணைகிற விளக்கைப் போட்டால் என்ன?" நல்ல யோசனைதான். ஆயினும் அக்கருவி எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். வெப்பமுள்ள ஓர் உடல் இடம்பெயர்வதைத்தான் அது உணர்கிறது. உடல் அங்கே இருப்பதை உணர்வதில்லை. முதியவர் ஒருவர் அசையாமல் நீண்ட நேரம் அமர்ந்திருந்தால், அறையில் ஒருவருமில்லை என்று அது முடிவு கட்டி விளக்கை அணைத்துவிடும். நடைக்கும் மாடிப்படிக்கும் அது மிகவும் ஏற்றது. கழுவும் அறைக்கு வேண்டாம் என்று எழுதினேன்.

இனி விசிறிக்கு வருவோம். விளக்கையும் விசிறியையும் ஒரே ஸ்விச்சில் பூட்டுவதற்கு ஒரு நியாயம் இல்லாமலில்லை. ஜன்னலே இல்லாத அறையில், மனிதர் மறந்தாலும் விசிறி சுற்ற வேண்டும் என்பதே அந்த நியாயம். இங்கிலாந்தில் விளக்கை அணைத்த பிறகும் கால் மணி நேரம் தானே சுற்றி நிற்கும் விசிறிகளை வைக்கிறார்கள். குளித்து முடித்துக் கதவைச் சாத்திய பிறகுதானே அறைக்குள் ஈரம் தங்குகிறது? அப்போது சுற்றினால்தான் பயன். அவ்வகை விசிறிக்கு ஸ்விச்சிலிருந்து ஒரு கம்பியும், எப்போதும் மின்சாரம் உள்ள ஒரு கம்பியும், நியூட்ரலும் ஆக மூன்று கம்பிகள் போகும். எனவே அதைப் பழுது பார்க்கையில் மூன்றையும் ஒருங்கே துண்டிக்கும் ஒரு தனி ஸ்விச்சு அவசியம். இதை அறியாமல் சாதாரண ஸ்விச்சை அணைத்துவிட்டுக் கை வைப்பவர் என்னைப் போன்ற நிலைக்கு ஆளாவார்.

எங்கள் வீட்டுக்கு நான் எளிய வழியையே தேர்ந்தெடுத்தேன். விளக்குக்கு ஒரு ஸ்விச்சு, விசிறிக்கு ஒரு ஸ்விச்சு. இரவில் விளக்கை மட்டும் போடலாம், குழந்தை விழிக்காது. குளித்து வெளிவந்ததும் விசிறியைப் போட்டுவிட்டு, கூந்தலை உலர்த்தும் நேரம் கழித்து அணைக்கலாம். மறந்துபோனால் என்ன நஷ்டம்? அந்த ஆறு அங்குல விசிறிக்கு முப்பது வாட்டு. இரவு முழுதும் எட்டு மணி நேரம் சுற்றினாலும் 240 வாட்டு மணி. கால் யூனிட்டுக்கும் சற்றுக் குறைவு. மறதிக்கு அது பெரிய அபராதமன்று.

விசிறியைப் பற்றி மற்றொன்று. காற்றை வெளியே தள்ள வேண்டுமானால் வேறு காற்று உள்ளே வர வேண்டும். கதவைத் தரையோடு ஒட்டப் பொருத்திவிட்டு, விசிறி ஈரத்தை இழுக்கவில்லை என்று நொந்துகொள்பவர் பலர். கதவின் அடியில் ஒரு விரற்கிடை இடைவெளி விட்டால் போதும். உண்மையில் நம் வறண்ட மாவட்டத்தில் வெளிச்சுவரில் ஒரு நல்ல ஜன்னல் இருக்குமானால், ஆண்டில் ஒன்பது மாதம் விசிறியே வேண்டியதில்லை என்பது என் எண்ணம். ஐப்பசி கார்த்திகையில்தான் அதன் அருமை தெரியும். குளியலறைக்குள் எரிவாயுவால் வெந்நீர் காய்ச்சும் கருவியை வைத்துவிட்டு, விசிறி இருக்கிறதே என்று தைரியமாக இருப்பது மட்டும் பெரும் பிழை. காற்றுக் குறைந்த இடத்தில் எரிவாயு அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதனால் நம் நாட்டில் உயிர்கள் போயிருக்கின்றன. அக்கருவியின் இடம் வீட்டுக்கு வெளியே.

ஸ்விச்சின் அளவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கடையில் 6 ஆம்பியர், 16 ஆம்பியர் என்று கேட்பார்கள். ஒன்பது வாட்டு பல்பு 230 வோல்ட்டில் இழுப்பது 0.04 ஆம்பியர். முப்பது வாட்டு விசிறி இழுப்பது 0.13 ஆம்பியர். இவற்றுக்கு 6 ஆம்பியர் ஸ்விச்சு தாராளம். வெந்நீர்க் கருவியான கீசர் இரண்டாயிரம் வாட்டு, அது 8.7 ஆம்பியர் இழுக்கும். அதை 6 ஆம்பியர் ஸ்விச்சில் பூட்டினால் முனைகள் சூடேறிப் பொசுங்கும். அதற்கு 16 அல்லது 20 ஆம்பியர் தாங்கும் ஸ்விச்சு வேண்டும். பேஸையும் நியூட்ரலையும் ஒருசேரத் துண்டிக்கும் இருமுனை வகையாக இருப்பது மிக நன்று. எதுவாயினும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும், வீட்டு ஸ்விச்சுகளுக்குரிய ஐ.எஸ். 3854 என்ற எண்ணும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள்.

ஸ்விச்சைத் தட்டும்போது "டக்" என்று ஓசை எழுகிறதே, ஏன் என்று எப்போதாவது எண்ணியதுண்டா? மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும் இரு முனைகளை மெல்லப் பிரித்தால் இடையே நெருப்புப் பொறி வில்லாக நீண்டு முனைகளை அரித்துவிடும். தொடக்கக் கால ஸ்விச்சுகள் இவ்வாறே விரைவில் கெட்டன. 1884-இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்து ஜான் ஹென்றி ஹோம்ஸ் என்பவர், கை எவ்வளவு மெதுவாக அசைந்தாலும் முனைகள் மட்டும் ஒரு வில்சுருளால் சட்டென்று பிரியும்படி அமைத்தார். அந்தச் சுருள் விடுபடும் ஓசையே நீங்கள் கேட்பது. விசிறி போன்ற கம்பிச்சுற்றுள்ள கருவியை அணைக்கையில் பொறி சற்று மிகுதி. பாதி தட்டி ஸ்விச்சை நடுவில் நிறுத்தி விளையாடுகிற பிள்ளைகளை நான் வகுப்பில் கண்டிருக்கிறேன். சிறுவனாக இருந்தபோது நானும் செய்ததுண்டு. அன்று மரக்கட்டையின் மேல் பதித்த கரிய வட்டமான பேக்கலைட் ஸ்விச்சு. தட்டினால் நாலு வீடு கேட்கும்.

ஸ்விச்சின் இடத்தையும் கம்பியையும் சரிசெய்த பின், இனி ஆபத்தில்லை என்று நான் நினைத்தேன். என் மாணவர் விடவில்லை. "எர்த்தைப் பார்க்க வேண்டும் ஐயா" என்றார். கொல்லையில் இருந்த எர்த்துக் குழியில் கருவியை வைத்து அளந்தார். 18 ஓம் காட்டிற்று. சித்திரை மாதம், மண் வறண்டு கிடந்தது. நம் மாவட்டத்து நிலத்தை நீங்கள் அறிவீர்கள். நார்த்தாமலை, குடுமியான்மலை, திருமயம் என்று எங்கு நோக்கினும் பாறை. மற்ற இடங்களில் செம்புறாங்கல். ஈரமில்லாத பாறையும் சரளையும் மின்சாரத்தை எளிதில் ஏற்றுக்கொள்வதில்லை.

அதனால் வரும் கேடு என்ன? கீசரின் உலோக உறையில் பேஸ் கம்பி தட்டிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எர்த்துக் கம்பி வழியே மின்சாரம் நிலத்துக்குப் பாய்ந்து, பியூஸ் போகவேண்டும் என்பதே ஏற்பாடு. 230-ஐ 18-ஆல் வகுத்தால் 12.8 ஆம்பியர். இதற்கு மேல் பாய வழியில்லை. கீசருக்கு வைத்திருப்பதோ 16 ஆம்பியர் பியூஸ் அல்லது தானே விழும் ஸ்விச்சு. அது விழவே விழாது! உறை முழுவதும் மின்சாரம் நின்றுகொண்டிருக்கும். வீட்டார் ஒன்றும் அறியார். "எர்த்து இருக்கிறது, பியூஸ் இருக்கிறது" என்று நாம் நிம்மதியாகத் தூங்குவோம்.

இந்த இடத்தில்தான் ஆர்.சி.சி.பி. என்று சுருக்கமாக வழங்கும் கசிவு காப்பான் உதவுகிறது. பேஸ் கம்பியில் போகும் மின்சாரத்தையும், நியூட்ரலில் திரும்பும் மின்சாரத்தையும் அது இடைவிடாமல் ஒப்பிடுகிறது. இரண்டும் ஒரே இரும்பு வளையத்தினூடே எதிரெதிர்த் திசையில் செல்கின்றன. சமமாக இருக்கும்வரை ஒன்றின் காந்த விளைவை மற்றொன்று அழித்துவிடும். போனது திரும்பவில்லையென்றால், வழியில் எங்கோ யாரோ ஒருவர் உடம்பின் வழியாகவோ ஈரச்சுவரின் வழியாகவோ கசிகிறது என்று பொருள். வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டியதும் நொடியின் ஒரு சிறு பகுதிக்குள் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். 12.8 ஆம்பியருக்கு அசையாத பியூஸ் எங்கே, 0.03 ஆம்பியருக்கு விழித்துக்கொள்ளும் இந்தக் கருவி எங்கே! பாறை நிலத்துக்காரர்களாகிய நமக்கு இது ஆடம்பரமன்று. ஆனால் ஒன்று: ஒரு கையில் பேஸும் மறு கையில் நியூட்ரலுமாகப் பிடித்துக்கொண்டவரை இது காப்பாற்றாது, போனது அப்படியே திரும்புகிறது அல்லவா? அதன் முகப்பில் 'டெஸ்ட்' என்று ஒரு பித்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அதை அமுக்கிப் பார்க்க வேண்டும். விழாவிட்டால் கருவி பழுது. கோடையில் எர்த்துக் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவதும் மறக்கலாகாது.

உங்களுக்கு ஒரு சிறு சோதனை சொல்கிறேன். இரண்டு டார்ச்சு பாட்டரிகள், ஒரு டார்ச்சு பல்பு, மும்முனை உள்ள 'டூ வே' ஸ்விச்சுகள் இரண்டு ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டரியிலிருந்து முதல் ஸ்விச்சின் நடுமுனைக்கு ஒரு கம்பி. அதன் மற்ற இரு முனைகளிலிருந்து இரண்டாம் ஸ்விச்சின் இரு முனைகளுக்கு இரண்டு கம்பிகள். இரண்டாம் ஸ்விச்சின் நடுமுனையிலிருந்து பல்புக்கு; பல்பிலிருந்து மீண்டும் பாட்டரிக்கு. இப்போது எந்த ஸ்விச்சைத் தட்டினாலும் விளக்கின் நிலை மாறும். என் தமக்கையாரின் அறை விளக்கு இப்படித்தான் அமைந்திருக்கிறது. ஒன்று கட்டிலருகே, மற்றொன்று குளியலறைக் கதவருகே. பாட்டரியில் மட்டும் செய்யுங்கள். வீட்டு மின்சாரத்தில் கை வைப்பது, அரசாங்கத்து மின் உரிமம் வழங்கும் வாரியத்தாரிடம் தகுதிச் சான்று பெற்றவர்களின் வேலை. பௌதிகம் படித்தவன் என்ற துணிவில் நானும் அதைச் செய்வதில்லை.

ஒவ்வொரு தமிழ் மாதமும் முதல் நாள் காலையில் அந்தப் பித்தானை அமுக்குவது இப்போது பேரனின் பொறுப்பு. வீடு முழுவதும் ஒரு கணம் விசிறிகள் நிற்க, அவன் கைகொட்டிச் சிரிப்பான். குழாய்ப் பக்கத்துப் பழைய ஸ்விச்சுக் குழியைச் சிமெண்டு வைத்து அடைத்து, மேலே ஓடு பதித்தாயிற்று. நிறம் சற்று மாறித் தெரிகிறது. இரவில் எழுந்து போகும்போது, வெளியிலேயே விளக்கைப் போட்டுவிட்டுத்தான் என் தமக்கையார் உள்ளே நுழைகிறார். இருந்தும் உள்ளே கால் வைத்ததும் அவருடைய கை இன்னும் அந்த ஓட்டின் பக்கம் போகிறது.